ஏழு பூங்காவுக்கும் போன் போட்டவர்

அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹலோ சார் என்றால்தான் தெரியும். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஹலோ சார்தான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே டெலிபோன் ஆபரேட்டர். மருந்துக் கிடங்குக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஒரு பொந்து மாதிரி அறை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். நானூற்றுப் பதினாறு உள் நம்பரும் மனப்பாடம். எழுதி வைத்துப் பார்க்கிற வேலையே கிடையாது, ஏனென்றால் பிறந்ததிலிருந்தே அவருக்குக் கண் தெரியாது.

அதற்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். உச்சுக் கொட்டினால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். ஒரு டாக்டர் போனை எடுத்து ஹலோ என்றால் போதும், காலையில் சாப்பிட்டாரா, வீட்டில் சண்டையா, லீவு கேட்கப் போகிறாரா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். லேப் டெக்னீஷியன் இதை நம்பாமல் மூன்று தடவை பந்தயம் கட்டினார். மூன்று தடவையும் அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். தன் காதைப் பற்றி ஹலோ சாருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டியதுதான்.

மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரிதான், சலவைப் பிரிவு. வெளுத்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து வார்டுவாரியாக அடுக்குகிற வேலை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். ஆஸ்பத்திரிக்குள்ளே அவர் தடியை வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு நடப்பார், ஒருத்தர் உதவியும் வேண்டாம். ஆனால் தெருவில் இறங்கினால் அந்தம்மாளின் முழங்கையைப் பிடித்தாக வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் மூடியில்லாத சாக்கடையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். "பள்ளம்." "ரெண்டு படி." "சைக்கிள் நிக்குது, இந்தப் பக்கம் வாங்க." பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் இதே பாட்டு.

ஒரு நாள் சாயங்காலம் பழக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரம்மாள் எடை போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எதிர்க்கட்டடத்து நாலாவது மாடியைப் பார்த்தியாம்மா? சிவப்பா கொத்துக் கொத்தா பூ தொங்குது. என்ன அழகு."

"எங்கே? நான் பார்க்கலையே."

"நல்ல ஆளும்மா நீ. மூணு மாசமா தொங்குது. தினம் இந்த வழியாத்தானே போறே?"

"எனக்கு மேலே பார்க்க எங்கே நேரம்? இந்தத் தெருவில எத்தனை பள்ளம்னு கேளு, தூக்கத்தில கூடச் சொல்வேன்."

கடைக்காரம்மாள் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். ஹலோ சாருக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ பளாரென்று கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷமாக இவள் தரையை மட்டுமே பார்த்து நடந்திருக்கிறாள், தன்னால்தான். கண் இருந்தும் இவளைப் பார்க்க விடாமல் வைத்திருந்தது நான்தான் என்று நினைத்தபோது தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது தீர்மானம் பண்ணிவிட்டார். ஒரே ஒரு நாள் இவளை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நல்ல பூங்காவில் விட வேண்டும். ஒரு மணி நேரமாவது இவள் தன் கையை உதறிவிட்டு, புருஷன் என்று ஒருத்தன் இருப்பதையே மறந்துவிட்டு, நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

பூங்காதான் என்பதில் சந்தேகமே இல்லை. வெள்ளையையும் பச்சையையும் தவிர வேறு நிறம் அந்தச் சலவை அறைக்குள் வருவதில்லை என்று அவளே எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஹலோ சார் கேட்டுக்கொண்டதும் மறுநாளே லேப் டெக்னீஷியன் எங்கிருந்தோ நகரத்தைப் பற்றிய சுற்றுலாப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து படித்துக் காட்டினார். பூங்கா மட்டும் ஏழு. படத்தைப் பார்த்து இதுதான் நன்றாக இருக்கிறது, அதுதான் நன்றாக இருக்கிறது என்று அவர் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்ததும் ஹலோ சார் கையை உயர்த்தினார்.

"படத்தை நம்பி ஏமாறது உங்க பொழப்பு. எனக்கு நம்பரை மட்டும் சொல்லுங்க."

"நம்பர் எதுக்கு?"

"போன் போட்டுப் பார்த்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதே வேலைதான். ஆஸ்பத்திரி லைனைச் சொந்தக் காரியத்துக்குத் தொடுகிற ஆள் இல்லை அவர், தன் செல்போனில்தான் பேசினார். ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு பூங்காவாகக் கூப்பிடுவார். பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பது அரைக் காதில்தான். மீதி ஒன்றரைக் காதும் பின்னாலே கேட்கிற சத்தத்தில்.

முதலாவதாக இருந்த மிகப் பெரிய பூங்காவில் மனுஷக் குரலே இல்லை. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் பேசியது. மெஷின் பேசுகிற இடத்துக்கு நான் எதற்கு வர வேண்டும் என்று வைத்துவிட்டார். இன்னொன்றில் பூ இருக்கிறதா என்று கேட்டதற்கு, பூ இல்லை சார், ஆளுயர டைனோசர் பொம்மை இருக்கிறது என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள். ஒன்றில் பேசினவர் குரலுக்குப் பின்னால் லாரி ஹாரன் ஓயவே இல்லை. நாலாவதில், கேமரா கொண்டு வந்தால் தனிக் கட்டணம் என்றார்கள். "ஐயா, எனக்குக் கண்ணே கிடையாது, கேமரா எங்கேருந்து வரும்?" என்று இவர் தமாஷாகக் கேட்க, எதிர்முனையில் இருந்தவர் பதறிப்போய் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். அந்தப் பதற்றம் இவருக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவது, இவர்கள் போகிற கிழமையில் விடுமுறை.

ஆறாவது பூங்காவில் போனை எடுக்கவே இல்லை. பதினெட்டு மணி அடித்தது. மறுநாளும் பதினெட்டு. மூன்றாம் நாளும் அதே கதை. ஹலோ சாருக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். மூன்றாவது மணிக்குள் எடுக்காத போன் அவர் வாழ்க்கையில் கிடையாது. போனை எடுக்கத் துப்பில்லாதவன் பூவை என்னத்தை வளர்த்திருக்கப் போகிறான் என்று அதை அடித்துத் தள்ளினார்.

ஏழாவதில் இரண்டாவது மணிக்கே ஒரு குமாஸ்தா எடுத்தார். மெல்லிசான, மரியாதையான குரல். அவர் ஹலோ என்றதுமே பின்னாலிருந்து பறவைகள் கூட்டமாகக் கத்துவது கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, இருபது முப்பது இருக்கும். அதோடு தண்ணீர் சலசலவென்று விழுகிற சத்தம். இவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிழலில் பெஞ்சு உண்டா? உண்டு சார். பாதை சமதளமா? சமதளம் சார். பூ இருக்கிறதா? இருக்கு சார். போனை வைத்ததும் தடியைக்கூட எடுக்காமல் லேப் வரைக்கும் நடந்து போய், கிடைத்துவிட்டது என்று டெக்னீஷியன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவியிடம் ஒவ்வொன்றாக விலாவாரியாகச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே ம் கொட்டினாள். ஆறாவதைச் சொன்னபோது அந்த ம் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒரு டாக்டர் அப்படி இழுத்திருந்தால் உடனே பிடித்திருப்பார். வீட்டில் அந்தக் காது வேலை செய்யவில்லை.

"ஏழாவதுதான் நம்ம இடம். என்ன சொல்றே?"

"உங்களுக்குப் பிடிச்சா சரிங்க."

லீவு போட்ட நாளன்று விடிந்ததும் ரயில். பையில் பன்னும் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும். திரும்பி வருவதற்கு சாயங்காலம் ஐந்து பத்து ரயிலில் டிக்கெட். ரயில் கிளம்பியதும்தான் அவர் தன் நிபந்தனையைச் சொன்னார்.

"அங்க போனதும் நான் ஒரு பெஞ்சில உட்கார்ந்துடுவேன். நீ ஒரு மணி நேரம் தனியா சுத்தணும். என்னை நினைக்கவே கூடாது."

"இது என்ன கூத்து? தெரியாத ஊர்ல உங்களை விட்டுட்டு நான் எங்கே சுத்துறது?"

"அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வர்றோம்."

"நல்லா இருக்கு நியாயம்" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழாவது பூங்காவின் வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. ஹலோ சார் இரண்டடி உள்ளே வைத்துவிட்டு நின்றார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தூரத்தில் பஸ் சத்தம். ஒரே ஒரு காக்கை. காலடியில் புல் மொறுமொறுவென்று நொறுங்கியது. தண்ணீர்ச் சத்தம் மருந்துக்கும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"பொய் சொல்லாதே. உன் குரல்ல உயிரே இல்லை."

அவர் விறுவிறுவென்று ஆபீசைக் கேட்டு விசாரித்து, அவளை இழுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்ததும் அந்தப் பறவைக் கூட்டம் அப்படியே காதில் வந்து மோதியது. அறைக்குள் இரண்டு பெரிய கூண்டு. குமாஸ்தா சொந்தமாக வளர்க்கிற லவ் பேர்ட்ஸ், வீட்டில் வைத்தால் சம்சாரம் திட்டுகிறாளாம். மூலையில் கை கழுவுகிற தொட்டியில் குழாய் மூட முடியாமல் சலசலவென்று ஊற்றிக்கொண்டிருந்தது.

இவர் ஹலோ என்றதுமே, "நீங்கதானே போன்ல பேசினது?" என்றார் குமாஸ்தா சந்தோஷமாக. "வாங்க சார், வாங்க."

"பூ இருக்குன்னீங்களே?"

"இருக்கே சார். வாசல்ல நாலு தொட்டி பார்க்கலை?"

ஹலோ சார் அங்கே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத் தலைக்கனம் ஒரு கூண்டுக் குருவியிடம் மண்ணைக் கவ்வியது. அவமானம் ஒரு பக்கம். அதைவிட, இவளுக்கென்று ஒதுக்கின ஒரே நாள் கை நழுவிப் போகிறதே என்கிற வயிற்றெரிச்சல். லீவு இனிமேல் அடுத்த வருஷம்தான்.

"சரி, போனது போகட்டும்" என்றார். "இந்த ஏழுல நீயா இருந்தா எதைப் பார்த்திருப்பே?"

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்கு..."

"பிடிச்சா சரின்னு மட்டும் சொல்லாதே. இந்த ஒரு தடவை சொல்லாதே. கையெடுத்துக் கும்பிடறேன்."

குருவிகள் கத்திக்கொண்டே இருந்தன. கடைசியில் அவள் சின்னக் குரலில், "அந்த ஆறாவது" என்றாள்.

"போன் எடுக்காததா?"

"சலவை ரூம்ல ஒரு காலண்டர் படம் மாட்டியிருக்கு. அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. தாள் எல்லாம் கிழிச்சாச்சு, படத்தை மட்டும் நான் எறிய விடலை. அந்தத் தோட்டம்தான். மேலேருந்து கீழே ஏரி வரைக்கும் வரிசை வரிசையா நிறம் நிறமா பூ. தினம் காலைல அதைப் பார்த்துட்டுத்தான் மடிக்க ஆரம்பிப்பேன்."

"அஞ்சு வருஷமா ஏன் சொல்லலை?"

"முழுக்கச் சரிவுங்க. படத்திலேயே அத்தனை படி தெரியும். உங்களைக் கூட்டிக்கிட்டு எப்படி இறங்குறது? சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்."

குமாஸ்தா குறுக்கே புகுந்தார். "அங்க போன் எடுக்க மாட்டாங்க சார். வேலைக்கு இருக்கிறது மூணு தோட்டக்காரங்க. மூணு பேரும் பொழுதுக்கும் சரிவிலதான் கிடப்பாங்க. ஆபீஸ் நாற்காலியில யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை." ஹலோ சார் தலையில் அடித்துக்கொண்டார். குமாஸ்தாவே வெளியே ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கொடுத்தார்.

நகரத்தின் இன்னொரு கோடிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. பன்னையும் பழத்தையும் ஆட்டோவிலேயே முடித்தார்கள். வழி முழுக்க அவர் டிரைவரை விரட்டிக்கொண்டே இருந்தார். "ஐயா, நான் வளைஞ்சு வளைஞ்சு ஓட்டறதைப் பார்த்தா பயந்துடுவீங்க" என்றார் டிரைவர். "நான் எதையும் பார்க்க மாட்டேன், நீங்க தைரியமா ஓட்டுங்க" என்றார் இவர். மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இப்போது உயிர் இருந்தது.

வாசல் மேட்டின் மேலே. உள்ளே நுழைந்ததும் ஈரக் காற்று முகத்தில் அடித்தது, அதோடு நாலைந்து வாசனைகள் ஒன்றாக. பிடித்திருந்த முழங்கை சட்டென்று அசையாமல் நின்றது. அவள் மூச்சே விடவில்லை.

"என்ன தெரியுது?" என்று கேட்டார். பதில் இல்லை. கல்யாணமாகி முதல் தடவையாக அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை. பெரிய டாக்டரே கையைக் குலுக்கிப் பாராட்டினபோதுகூட ஹலோ சாருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

வாசலுக்குப் பக்கத்திலேயே மர நிழலில் ஒரு கல் பெஞ்சு. அங்கே உட்கார்ந்தார். மணி ஒன்று நாற்பது. மூன்று மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று ஒப்பந்தம். அவள் பத்துப் படி இறங்கினாள், திரும்பி வந்தாள். தண்ணீர் பாட்டிலை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். மறுபடி இறங்கினாள், மறுபடி வந்தாள். வெயில் இந்தப் பக்கம் திரும்பினால் அந்த ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளச் சொன்னாள்.

"இன்னொரு தடவை ஏறி வந்தே, தடியை எடுத்துக்கிட்டு நானே இறங்கிடுவேன். உருண்டு போனா ஏரியிலதான் நிப்பேன். தேவையா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். செருப்புச் சத்தத்தை எண்ணினார். முப்பத்தொன்று வரைக்கும் கேட்டது. அப்புறம் பக்கத்தில் யாரோ செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் அதை மூடிவிட்டது.

இரண்டு மணி. இரண்டரை. செல்போனைத் தட்டினால் அது நேரம் சொல்லும். மூன்று என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டார். அவள் வரவில்லை. மூன்று பத்து. பலே என்று தொடையைத் தட்டிக்கொண்டார். மூன்று நாற்பதுக்கு அந்தச் சந்தோஷத்தின் அடியிலிருந்து பயம் தலை நீட்டியது. படி வழுக்கியிருக்குமோ? மயக்கம் வந்திருக்குமோ? ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். கட்டை விரல் அவள் நம்பரின் மேலே போய் நின்றது. வாழ்நாளெல்லாம் யார் யாரையோ யார் யாருக்கோ இணைத்துக் கொடுத்தவர். இவளுக்கு ஒரு பட்டன்தான். ஆனால் மணி அடித்த அந்த நிமிஷமே அவள் நிமிர்ந்த தலையைக் குனிந்துகொண்டு படியேற ஆரம்பித்துவிடுவாள்.

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். இரண்டு நிமிஷத்தில் திறந்தார். மறுபடி மூடினார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரர் இதையெல்லாம் கவனித்திருக்க வேண்டும்.

"யாருக்காக சார் காத்திருக்கீங்க?"

"வீட்டுக்காரி கீழே போயிருக்கா. மூணு மணிக்கு வர வேண்டியவ இன்னும் வரலை."

"கூப்பிட்டுப் பாருங்களேன்."

"கூப்பிடக் கூடாது" என்றார். "கீழே யாராவது விழுந்தா உங்களுக்குத் தெரியும்தானே?"

"எங்க ஆளுங்க ரெண்டு பேர் அங்கதான் இருக்காங்க சார். ஒண்ணும் ஆகாது."

நாலு மணி. நாலு ஐந்து. வியர்த்துக்கொட்டியது. நாலு பத்துக்குப் படியில் யாரோ தடதடவென்று ஓடி வருகிற சத்தம். அவளேதான். எதிரே வந்து நின்றவளுக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

"விழுந்துட்டியா? அடி ஏதாவது?"

"இல்லைங்க."

"பின்னே ஏன் அழறே?"

"மறந்தே போயிட்டேங்க. நீங்க மேலே உட்கார்ந்திருக்கிறதையே மறந்துட்டேன். நான் ஒரு மனுஷியா? நெஞ்சில ஈரம் இருக்கா எனக்கு?"

ஹலோ சார் எழுந்து நின்றார். கையை நீட்டி அவள் தோளைத் தேடிப் பிடித்தார்.

"நிஜமாவா? ஒரு தடவைகூட ஞாபகம் வரலையா?"

"ஒரு தடவைகூட வரலைங்க" என்று விம்மினாள். விம்மலுக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. "உங்களை விடுங்க. அங்க நின்னப்போ எனக்குக் கல்யாணம் ஆனதே ஞாபகம் இல்லை."

அவர் சிரித்த சிரிப்பில் தோட்டக்காரர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐயோ ரயில், ஐந்து பத்து ரயில் என்று பையைத் தேட ஆரம்பித்தாள். அவர் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் தனக்குப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"அது போகட்டும். எட்டு மணிக்கு இன்னொண்ணு இருக்கு. முதல்ல எதைப் பார்த்தே? அதுலேருந்து சொல்லு."